சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாத ஊரில்



இந்த மாதம் இந்தப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு. அவர்களில் பெரும்பாலோர் நம் இதழைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது எங்கள் விற்பனைப் பிரிவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லீவுக்கு ஊருக்கு வரும்போது, அம்மா வாங்கி ஃபிரிட்ஜ் மேல் போட்டு வைத்ததைப் படுத்தபடியே பின்னட்டையிலிருந்து புரட்டுகிறவர்கள். பொங்கல் லீவில் பிடித்தால்தான் உண்டு. பஸ் ஏறிவிட்டால் அடுத்த செமஸ்டர் முடிகிறவரை கைக்கு அகப்பட மாட்டார்கள்.

அம்மாக்களும் கூடவே படியுங்கள். படித்துவிட்டு, "பார்த்தியா, புத்தகத்துலயே போட்டிருக்கான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு நல்ல பேச்சைக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி முடிந்த கையோடு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். விடுதியில் சேர்த்துவிட்டு வந்த பெண் பாதியாகத் திரும்பியிருக்கிறாள். பையன் யாரோடும் பேசுவதில்லை, பகல் பன்னிரண்டு வரை தூங்குகிறான். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. கேட்டால் "மெஸ் சாப்பாடு சரியில்லம்மா" என்று ஒரே பதில். மெஸ் சாப்பாடு எந்தக் காலத்தில் சரியாக இருந்தது? அது ஒன்றே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம் ஊரில் ஒரு குழந்தையின் வயிற்றை வீடு மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறையை வளர்த்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வந்தால் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. அதை டீச்சர் கண் முன்னால் விழுங்க வேண்டும். வீட்டில் அம்மாவும் ஆத்தாவும், தெருவில் "என்னடா இப்படி இளைச்சுட்ட" என்று கேட்கிற பக்கத்து வீட்டு அக்காவும் இருக்கிறார்கள். வகுப்பு ஏற ஏற இந்தக் கண்கள் ஒவ்வொன்றாக விலகும். பிளஸ் டூ முடித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போகிற நாளில் கடைசிக் கண்ணும் போய்விடும்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா, ரெண்டு நாளாகக் காய்ச்சலோடு சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. போனில் அம்மா கேட்பார். "சாப்ட்டேம்மா" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நாலு பேர் சேர்ந்து பார்த்த வேலை ஒரே நாளில் ஒரு பதினேழு வயதுத் தலையில் இறங்குகிறது. வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "உடம்பைப் பாத்துக்கோ" என்கிறோமே, எப்படிப் பார்ப்பது என்று எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். புத்தாண்டு சமயத்தில் போனில் 'செல்ஃப் கேர்' என்று தேடிப் பாருங்கள். முகத்துக்கு சீரம், வாசனை மெழுகுவத்தி, ஜிம்முக்கு ஆறு மாதச் சந்தா, காலை ஐந்து மணிக்கு எழுந்து வெள்ளைப் பீங்கான் கோப்பையோடு டயரி எழுதும் பெண்ணின் ரீல்ஸ். (நம் பின்னட்டையிலும் ஒரு சீரம் விளம்பரம் இருக்கிறது. பேப்பர் விலை ஏறிக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கி, அதில் ஜெராக்ஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் எடுத்துவைத்து, மிச்சத்தை வீட்டுக்கு ஜிபேயில் அனுப்புகிற பிள்ளைகள் நம் வாசகர் வீடுகளில் நிறையப் பேர். அவர்களுக்கும் ஆகிற மாதிரி ஏதாவது சொன்னால்தான் அது பேச்சு. எனவே சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணின் சாதாரண நாளைப் பார்ப்போம். காலைச் சாப்பாட்டுக்கு மெஸ் ஏழரைக்குத் திறக்கும். முதல் வகுப்பு எட்டே முக்கால். பாத்ரூம் வரிசையில் பக்கெட்டை வைத்து இடம்பிடித்து, குளித்து, ஈரத் தலையைத் துவட்டியபடி இறங்கும்போது எட்டு இருபது. உள்ளே ஆறிப்போன கிச்சடி, அதற்கும் ஒரு வரிசை. நின்றபடியே ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறாள். பதினொரு மணி இடைவேளைக்கு கேன்டீனில் ஒரு பப்ஸ், ஒரு டீ. மதியம் லெமன் சாதம், அப்பளம், சாப்பிட்ட கையோடு தோழிகளோடு இன்னொரு டீ. சாயங்காலம் பஜ்ஜியோடு டீ. இரவு சப்பாத்தியும் தண்ணீராக ஓடுகிற குருமாவும்.

வயிறு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்து என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு எதுவும் உள்ளே போகவில்லை. போன கொஞ்சத்தையும் டீ தடுத்துவிட்டது. டீயில் இருக்கும் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்போடு ஒட்டிக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். மாதாமாதம் போகிற ரத்தம் தனி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரண்டாவது பீரியடிலேயே கண் சொருகுகிறது, படித்த பக்கத்தையே மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. "நான் ஒரு சோம்பேறி" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஜனவரி ஒன்று முதல் சுறுசுறுப்பாக இருப்பேன் என்று நோட்டில் எழுதி வைக்கிறாளே, அவளுக்கு ஹீமோகுளோபின் 9 ஆக இருக்கலாம். 12க்குக் குறையக் கூடாது. தீர்மானம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. பலர் அதைப் பார்த்துப் பயந்துபோய் மூன்றாம் நாளே மாத்திரையை பீரோவுக்குள் போட்டுவிடுகிறார்கள். வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். டீயோடு மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. விடுதி வாழ்க்கையில் அது ஒன்றுதான் சூடாகக் கிடைக்கிறது. சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் அது அதிகம், விலையும் குறைவு. கல்லூரி வாசலில் மிளகாய்த்தூள் தூவி விற்கிற வண்டிக்காரர் தெரியாமலேயே பெரிய சேவை செய்துகொண்டிருக்கிறார். முந்தின ராத்திரியே பையில் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையும் போட்டு வைத்துவிட்டால் எட்டு இருபது மணி வரிசையைக் கண்டு பட்டினியாக ஓட வேண்டாம். பப்ஸ் வாங்குகிற காசில் கடலைமிட்டாய் வாங்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தாயிற்று, கேன்டீனில் இன்னும் பப்ஸுக்குத்தான் மரியாதை. ஊரிலிருந்து பார்சல் கட்டுகிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: முறுக்கைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் பருப்புப்பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் வையுங்கள். மெஸ் சாதத்தில் போட்டுப் பிசைந்தால் ஒரு நேரம் ஓடிவிடும்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பையன்கள் முன்னணியில் இருக்கிறார்கள். விளக்கணைத்த அறையில் நாலு கட்டிலிலும் நாலு போன் வெளிச்சம். சாதாரண நாளில் ரீல்ஸ், பரீட்சை நாளில் 'நைட் அவுட்'. விடிய விடியப் படித்தேன் என்று சொல்வதில் ஒரு பெருமை வேறு.

1963 டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் சான் டியேகோவில் ரேண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர், அறிவியல் கண்காட்சிக்காகத் தூங்காமல் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். புத்தாண்டைத் தாண்டி 264 மணி நேரம், அதாவது பதினோரு நாள், விழித்திருந்தார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வில்லியம் டிமென்ட் என்ற தூக்க ஆய்வாளர் வந்து கூடவே இருந்து கவனித்தார். கடைசி நாளில் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றார். வயதான பிறகு பல ஆண்டுகள் தூக்கம் வராமல் அவதிப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கின்னஸ்காரர்களும் இந்த மாதிரிச் சாதனைகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் பதினோரு நாள் விழிப்பதில்லைதான். ஆனால் பகலில் படித்தது மூளையில் பதிந்து நிலைப்பது தூக்கத்தில்தான். அந்த ஒரு ராத்திரியை வெட்டினால், படித்ததையே வெட்டிக்கொள்கிறோம். காபி குடித்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: உடம்புக்குள் போன காஃபினில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காபியில் பாதி, அதிகாலை இரண்டு மணிக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிறகு தூக்கம் வரவில்லை என்று போனை எடுப்பது, எடுத்ததால் தூக்கம் வராதது. ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று டாக்டர்கள் சொல்வதை நானும் சொல்லிவிட்டுப் போகலாம். நாலு பேர் இருக்கிற அறையில் அது தனி ஒருவனால் ஆகிற காரியமா? அறைத் தோழர்கள் கூடி உட்கார்ந்து, பதினொன்றரைக்கு லைட் ஆஃப், போன் சார்ஜர் எல்லாம் கதவோரத்து பிளக்கில் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டால்தான் நடக்கும். முதல் வாரம் சண்டை வரும். வரட்டும்.

வீட்டிலிருந்தே போய்வருகிற பிள்ளைகளின் கதை வேறு. ஆறு மணிக்குத் தெருமுனையில் கல்லூரி பஸ் வந்து நிற்கும், இரவு ஏழுக்குத்தான் வீடு. அரசுக் கல்லூரிகளில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, மதியம் ஜவுளிக்கடையில் நின்றோ, சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டியோ ராத்திரி திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யோகா செய்யுங்கள், டயரி எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் தூங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த மதியமும் கிடைப்பதில்லை, வீட்டுத் துணி மொத்தமும் அன்றைக்குத்தான் காத்திருக்கும். அவளுடைய அண்ணனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன என்பதை அம்மாக்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கடைசியாக, எழுதத் தயங்கித் தயங்கி எழுதுகிற விஷயம். தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் ஊரிலேயே முதலாவதாக வந்து, பேனரில் படம் போடப்பட்டு, வீட்டின் முதல் பட்டதாரியாக ஒரு பொறியியல் கல்லூரிக்குள் நுழைகிறான் ஒரு பையன். வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். கேள்வி கேட்டால் தலை குனிகிறான். முதல் இன்டர்னல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினான்கு. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மார்க்கை அவன் பார்த்ததில்லை. வீட்டில் சொல்ல முடியாது, அங்கே நகையை அடகு வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போவதைக் குறைக்கிறான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. செமஸ்டர் முடிவு வரும்போது மூன்று அரியர். லீவில் வந்து பன்னிரண்டு மணி வரை தூங்குகிறானே, அது பல நேரங்களில் தூக்கமே இல்லை, யார் முகத்திலும் விழிக்காமல் இருக்க ஒரு வழி.

தம்பி, இதைப் படித்துக்கொண்டிருந்தால் கேள். அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதித் தேறி இன்று நல்ல வேலையில் இருக்கிறவர்கள் ஊர் பூராவும் இருக்கிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை. இந்த லீவு முடிந்து போனதும் முதல் காரியமாக, உன்னைப் போலவே தமிழ் வழியில் வந்து இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிற ஒரு அண்ணனைக் கண்டுபிடி. எந்தப் பாடத்தை எப்படிக் கடந்தார் என்று கேள். பிறகு வகுப்பு ஆலோசகரிடம் போ. மார்க் குறைந்ததை அவர் ஏற்கனவே பார்த்திருப்பார், காரணம் தெரியாமல் இருக்கலாம்.

அதற்கும் மேலே மனசு பாரமாக இருந்தால், வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பே இல்லாமல் போனால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். நேரில் போவதானால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நினைக்க வேண்டாம். பார்க்கிறவரும் அங்கேதானே வந்திருக்கிறார்.

கூடப் படிக்கிறவன், "இருந்து என்னடா ஆகப்போகுது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் வார்டனிடமோ அவன் வீட்டிலோ சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

இவ்வளவையும் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டிவிட்டு நான் ஒதுங்கிவிட்டால் அது நியாயமாகாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கிற ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். பெயர்ப்பலகை மட்டும் மாட்டிவிட்டு, அறையைப் பூட்டி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. மெஸ் விஷயமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் விடுதியில், ஏழரைக்குத் திறந்த மெஸ்ஸை ஏழு மணிக்குத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். சமையல்காரம்மாவுக்கு அரை மணி நேரக் கூடுதல் சம்பளம் கொடுப்பதுதான் நிர்வாகத்துக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் அந்தக் கிச்சடி வரிசையே காணாமல் போய்விட்டது.

அதனால் மெஸ் கமிட்டியில் இருக்கிற பிள்ளைகள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் விடுதியில் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, முதல் வகுப்பு எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் முட்டையோ சுண்டலோ போடுகிறார்கள், எதைக் கேட்டு வாங்கினீர்கள், எதைக் கேட்டும் கிடைக்கவில்லை. தபாலில் அனுப்பினாலும் சரி, கையால் எழுதியதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. பெயரும் கல்லூரியும் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். மார்ச் இதழில் நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்